வண்டலூரில் ராத்திரி காது வலித்தால்

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வண்டலூரில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காது வலி எடுத்தால், விடியும்வரை வீட்டில்தான் வழி பார்க்க வேண்டும். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, புறங்கையில் சூடு பார்த்து, காதில் இரண்டு சொட்டு. தெருவில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் கூப்பிட்டுத் தாய்ப்பால் பீய்ச்சச் சொல்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். பிள்ளை அழுது களைத்து ஒரு நேரத்தில் தூங்கிவிடும். காலையில் தலையணையில் சீழ் மஞ்சளாய்ப் படிந்திருக்கும். வலி போன இடம் தெரியாது. "உள்ள இருந்த கட்டி உடைஞ்சிருச்சு, இனிமே ஒண்ணுமில்ல" என்று பாட்டி நிம்மதியாகச் சொல்வார்.

உடைந்தது கட்டியல்ல, செவிப்பறை. நடுக்காதில் சேர்ந்த சீழ் போக வழியில்லாமல் சவ்வை அழுத்தியது. சவ்வு கிழிந்ததும் அழுத்தம் இறங்கி வலியும் இறங்கியது. பல பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் தானாகவே மூடிக்கொண்டது. மூடாத பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்தில் 'காது ஒழுகுறவன்' என்று பெயர் வாங்கி, வாத்தியார் சொல்வது பாதி கேட்காமல் கடைசி பெஞ்சுக்குப் போனவர்கள்.

அன்றைய வண்டலூர், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் ஏரியும் வயலும் காப்புக்காடுமாகக் கிடந்த ஊர். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. ஆனாலும் காதுக்கென்று ஒரு டாக்டர் வேண்டுமென்றால் வடக்கே முப்பது கிலோமீட்டர் போய்ப் பூங்கா நகரில் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும். தெற்கே என்றால் 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போகும். உயிர் போகிற நோயென்றால் போவார்கள். காது வலியை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று அந்தக் காப்புக்காட்டின் ஒரு பகுதியில் 1985 முதல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை இங்கேதான் தொடங்குகிறது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டம் போகிற கூட்டமெல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பொத்தேரியிலும் ரத்தினமங்கலத்திலும் குரோம்பேட்டையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். ராத்திரி பத்து மணிக்குக் காது வலித்தால், பிள்ளையை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல் விட்டால் அரை மணிக்குள் ஏதாவதோர் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இறங்கிவிடலாம்.

தூரம் குறைந்தது பெரிய விஷயம்தான். ஆனால் காது வைத்தியத்தில் இந்த அரை நூற்றாண்டில் எது அதிகம் மாறியது என்று என்னைக் கேட்டால், நான் வெளிச்சத்தைச் சொல்வேன். பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராக இல்லை, வளைந்து போகிறது. மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால்தான் வளைவு நிமிரும். கைக்குழந்தைக்குக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அன்றைய ஈ.என்.டி. டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, நோயாளியின் தோளுக்குப் பின்னால் விளக்கை வைத்து, அந்த ஒளியைக் கண்ணாடியில் வாங்கிக் காதுக்குள் திருப்பிப் பார்ப்பார். கைவரப் பயிற்சி வேண்டும் அதற்கு. ராத்திரி கேஷுவாலிட்டியில் உட்கார்ந்திருந்த பொது டாக்டருக்கு அந்தப் பயிற்சியும் இருக்காது, அந்தக் கண்ணாடியும் இருக்காது. பெரும்பாலும் ஒரு டார்ச் லைட்தான். பார்க்க முடியாத இடத்தில் மனிதர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான், எதையாவது ஊற்றுவது. வீட்டில் எண்ணெய் ஊற்றினார்கள், ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஊற்றினார்கள்.

இன்று அவசரப் பிரிவில் காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் கைக்கெட்டும் இடத்தில் மாட்டியிருக்கிறது. சில இடங்களில் மெல்லிய கேமரா ஒன்று காதுக்குள் போக, செவிப்பறை திரையில் பெரிதாகத் தெரிகிறது. டாக்டர் அதை அம்மாவுக்கே காட்டி, "பாருங்கம்மா, இது சிவந்து வெளியே துருத்திக்கிட்டு நிக்குது, இதான் வலி" என்கிறார். இந்திய மருத்துவக் குழுமம் அவசர மருத்துவத்தைத் தனி மேற்படிப்பாக ஏற்றது 2009-இல். அதற்குப் பிறகு வந்த தலைமுறை டாக்டர்களுக்குக் காதைப் பொறுத்தவரை முதல் பாடம், பார்க்காமல் எதையும் விடாதே என்பது. வீடுகளில் இந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

எண்ணெய் ஊற்றியவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஒரு விஷயத்தில் பாட்டி சொன்னதுதான் சரி. காதில் பூச்சி போனால் எண்ணெய்.

திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்துப் படுத்த காலத்தில் எறும்பும் வண்டும் போயின. இன்று கண்டிகை, கொளப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் தரையில் மெத்தை போட்டுத் தூங்குகிறவர்களின் காதில் சின்னக் கரப்பான் போகிறது. உள்ளே போன பூச்சிக்குத் திரும்ப இடமில்லை. முன்னால் செவிப்பறை, அதையே பிராண்டும். அதன் ஒவ்வொரு அசைவும் மண்டைக்குள் இடி மாதிரி கேட்கும். திடமான ஆள்கூடத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவார். உயிரோடு இருக்கிற பூச்சியைக் கிடுக்கி போட்டுப் பிடிக்கப் போனால் இன்னும் உள்ளே ஓடும், சவ்வையும் கிழிக்கும். ஆகவே முதலில் அதைக் கொல்ல வேண்டும். எண்ணெய் அதன் மூச்சை அடைக்கிறது. அவசரப் பிரிவிலும் எண்ணெயோ, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனோ விடுகிறார்கள். சில நிமிஷத்தில் அசைவு நின்று, வந்தவர் முகத்தில் உயிர் வருகிறது.

வித்தியாசம் அதற்குப் பிறகு. அன்று பூச்சி செத்ததும் கதை முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். செத்தது உள்ளேயே கிடந்து, வாரம் கழித்துக் காது வீங்கிச் சீழ் வடியும்போது இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்று காலும் இறகுமாகப் பிய்ந்து வருவதையெல்லாம் துண்டுதுண்டாக எடுத்து, கடைசியில் சவ்வு முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். இன்னொன்று, முன்பே காது ஒழுகுகிறவருக்கு, அதாவது சவ்வில் ஓட்டை இருப்பவருக்கு, எண்ணெயும் கூடாது, லிக்னோகைனும் கூடாது. ஓட்டை வழியே உள்காதை எட்டிவிட்டால் தலை சுற்றி வாந்தியில் கொண்டுவிடும். பாட்டியின் வைத்தியத்தில் இல்லாத பகுதி இது.

பூச்சிக்குச் சரியான ஊற்றல், பயறுக்குத் தப்பு. பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வது அன்று பட்டாணி, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, சிலேட்டுக்குச்சித் துண்டு. தண்ணீரையோ உப்புத் தண்ணீரையோ விட்டுக் கழுவப் பார்ப்பார்கள். தானியம் ஊறிப் பெருத்துக் குழாயை அடைத்துக்கொள்ளும். இன்று பாசிமணி, தெர்மாகோல் உருண்டை, பென்சில் ரப்பர், இயர்போனின் ரப்பர் மூடி. பொருள் மாறினாலும் விதி மாறவில்லை: முதல் முயற்சிதான் நல்ல முயற்சி. பிள்ளை ஒருமுறைதான் அசையாமல் உட்காரும். வீட்டில் அப்பா ஊக்காலும் அத்தை ஹேர்பின்னாலும் குத்திப் பார்த்து, குழாய் ரத்தம் கட்டி வீங்கிய பிறகு அழைத்து வந்தால், ஒரு நிமிஷத்தில் கொக்கியால் எடுத்திருக்கக்கூடிய மணிக்காகப் பிள்ளையைத் தியேட்டரில் மயக்கம் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். மற்றபடி மணியும் பயறும் காலைவரை காத்திருக்கும். வலியில்லாத பிள்ளையை நடு ராத்திரியில் பயந்து அள்ளிக்கொண்டு ஓட வேண்டாம்.

காத்திருக்காதது ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பட்டன் பேட்டரி. பொம்மையில், ரிமோட்டில், வாட்சில், வெளிச்சம் போடும் செருப்பில் இருக்கிற அந்தக் குட்டி வட்டம். காதின் ஈரம் பட்டதும் மின்னோட்டம் ஓடி, சுற்றியுள்ள திசுவில் காரம் உண்டாகி வெந்துபோகிறது. சில மணி நேரத்திலேயே தோலும் சவ்வும் கருகலாம். ஒரு சொட்டு எண்ணெயோ மருந்தோ விட்டால் அரிப்பு வேகம் கூடும். இதற்குப் பாட்டியிடம் வைத்தியம் கிடையாது. பாட்டி காலத்தில் இந்தப் பொருளே கிடையாது. பிள்ளை காதில் எதையோ போட்டுக்கொண்டது, வீட்டில் ஒரு பேட்டரியைக் காணோம் என்றால், எதையும் விடாமல் அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும். போகும்போது அந்தப் பொம்மையையும் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சீழின் கதைக்கு வருகிறேன். காசநோய்க்காரர்களுக்காக டாக்டர் சௌரி முத்து தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியது 1928-இல். லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைக் கவனித்ததும் அதே ஆண்டில்தான். அந்த மருந்து மக்கள் கைக்கு வர 1940-கள் ஆயின. அதுவரை, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் சீழ் கோத்து, அங்கே வீங்கி, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்ற பிள்ளைக்கு எலும்பைச் செதுக்கிச் சீழை வடிப்பது ஒன்றே வழி. அது மூளைக்குப் பரவினால் பிழைப்பது அபூர்வம். பென்சிலினுக்குப் பிறகும் இங்கே நிலைமை உடனே மாறிவிடவில்லை. வருஷக்கணக்கில் காது ஒழுகி, நாற்றமெடுத்து, அதையும் பழகிக்கொண்ட ஒருவர் திடீரென்று தலைவலி, காய்ச்சல், வலிப்பு என்று வந்து விழ, மூளையில் சீழ்க்கட்டி என்று கண்டுபிடிப்பார்கள். காதில் ஒழுகிய சீழுக்கும் தலைக்குள் வந்த கட்டிக்கும் நடுவில் மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுதான் இருந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சானடோரியத்துக்கும் காதுக்கும் நேரடியாகவே ஓர் உறவு உண்டு. காசநோயை முதன்முதலில் அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதே குடும்பத்து ஊசிகளும் பலரின் நுரையீரலைக் காப்பாற்றி, சிலரின் காதை எடுத்துக்கொண்டன. தள்ளாட்டம், இரைச்சல், செவிட்டுத்தன்மை. எதிர்ப்பு வளர்ந்த காசநோய்க்கு இன்று ஊசி இல்லாமல் மாத்திரையாலேயே சிகிச்சை வந்திருப்பதை, காதின் பக்கம் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் நான் பெரிய விடுதலையாகவே நினைக்கிறேன்.

பிள்ளைகளின் காதுச் சீழ் பின்வாங்கிய இடத்துக்கு, பெரியவர்களின் சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கிறது. அறுபது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். காது அரித்தது, பட்ஸ் விட்டுக் குடைந்தார், வலி வந்தது. பார்த்தால் காதுக்குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வலி அதற்குச் சம்பந்தமில்லாத வலி. ராத்திரி தூங்கவிடாத, தாடை வரை இறங்குகிற வலி. அனுபவமுள்ள ட்யூட்டி டாக்டர் உடனே சொட்டு மருந்து எழுதமாட்டார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். சர்க்கரை கட்டுப்படாதவரின் காதில் சூடோமோனாஸ் கிருமி தோலோடு நிற்காமல் மண்டையோட்டின் அடி எலும்புக்கே இறங்கிவிடும். 1968-இல் சேண்ட்லர் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக எழுதி வைத்தார். வாரக்கணக்கில் மருந்து வேண்டும். ஓ.பி.யில் சாதாரணக் காதுப் புண் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் முறை வாய் கோணிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைத் தடுக்க நுட்பமான கருவி எதுவும் வேண்டாம். வலியின் அளவை நம்பினால் போதும்.

வாய் கோணுவதற்கு இன்னொரு காரணம் அக்கி. காது மடலிலும் குழாயிலும் கொப்புளம், நெருப்பாய் எரிச்சல், இரண்டு மூன்று நாளில் முகத்தின் ஒரு பாதி இறங்கிவிடும். அன்று குயவர் வீட்டுக்குப் போய்ச் செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். பத்து நாளில் கொப்புளம் காய்ந்துவிடும், எழுதியதால் போயிற்று என்று நம்புவார்கள். கொப்புளம் எப்படியும் காயும். முகம்தான் பலருக்கு முழுதாகத் திரும்பாது. முக நரம்புக்குள் வைரஸ் செய்யும் அழிவை மட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது, முதல் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். காதுக் கொப்புளத்துக்கு அக்கி எழுதப் போவதைவிட அவசரப் பிரிவுக்கு வருவது ஏன் முக்கியம் என்றால் அந்த மூன்று நாளுக்காகத்தான்.

காயங்களில் காது மடலின் வரலாறு தனி. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து தாம்பரம் பக்கம் குடியேறிய பாட்டிமார் சிலருக்குப் பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொடும். கனம் தாங்காமல் அறுந்துபோனதுண்டு. காலம் மாறிக் கம்மல் போட ஆசைப்பட்டு டாக்டரிடம் அறுத்துத் தைத்துக்கொண்டதும் உண்டு. இன்று சோணை கிழிந்து வருகிற பெண், காலையில் கோலம் போடும்போதோ ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போதோ நகை பறிகொடுத்தவர். கழுத்துச் சங்கிலியை இழுத்த கையில் தோடும் சேர்ந்து போயிருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு நுணுக்கமாகத் தைத்தால் சோணை நன்றாகச் சேரும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள இடம். அவர் அழுவது காதுக்காக இல்லை என்பது தைக்கிறவருக்குத் தெரியும். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, ஊசி போடுமுன் ஐந்து நிமிஷம் பேசவிடுகிற சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சிகிச்சை.

சோணைக்கு மேலே போனால் கதை வேறு. பத்தர் காது குத்தியது சதையான சோணையில். அங்கே குருத்தெலும்பு கிடையாது. பேத்தி இப்போது குத்திக்கொள்வது மடலின் மேல் விளிம்பில், குருத்தெலும்பைத் துளைத்து. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் இல்லை. மேலே போர்த்தியிருக்கும் சவ்வுதான் ஊட்டுகிறது. சவ்வுக்கும் அதற்கும் நடுவில் சீழோ ரத்தமோ தேங்கினால், பட்டை உரிந்த கிளை மாதிரி அது காய்ந்து சுருங்கும். மேல் காது சிவந்து, சூடாகி, தொட்டால் துடிக்கிறது என்றால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. கபடியில் காது நசுங்கி, மடல் உப்பிக்கொண்டு வருகிற பையனுக்கும் இதே நியாயம். வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிட்டதால்தான் பழைய ஆட்டக்காரர்கள், பயில்வான்கள் சிலருக்குக் காது முடிச்சு முடிச்சாய் நிலைத்துப்போனது. ஓரிரு நாளில் வந்தால் ரத்தத்தை வடித்து, மறுபடி தேங்காதபடி அழுத்திக் கட்டி, காதின் உருவத்தைக் காப்பாற்றிவிடலாம்.

வெடிச்சத்தம் பற்றிச் சுருக்கமாக. திரிசூலம், பல்லாவரம் மலைகளில் வெடி வைத்துக் கல் உடைத்த தொழிலாளிகளுக்குக் காதுக்கு ஒரு பஞ்சுகூடக் கொடுக்காத காலம் இருந்தது. 'காதுல எப்பவும் வண்டு கத்துது' என்று சொல்லிக்கொண்டே முதியவர்களானார்கள். இன்று நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கும் பட்டாசுக்குத் தடை. 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி. ஆனாலும் தீபாவளி ராத்திரி, பக்கத்தில் வெடித்து 'ங்ங்' என்று காது அடைத்துப்போன பிள்ளைகள் வருகிறார்கள். ரத்தம் இல்லை, வெளியே எதுவும் தெரியவில்லை என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சவ்வுக் கிழிசல் ஆறும். உள்காதின் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அடிபடாமலேயே ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் இதே அவசரம்தான்; நாள்கள் போகப் போக, இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டின் பலன் குறையும்.

இனி ரோடு. ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்தவன் காதில் ரத்தம் வந்தால், 'காதுல ரத்தம் வந்திருச்சா, அவ்வளவுதான்' என்று கூட்டம் பின்வாங்கிய காலம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. காதைச் சுற்றியுள்ள எலும்பு உடலிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. அது விரிசல் விட்டிருக்கிறது என்றால் தலையில் பட்ட அடி சாதாரணமில்லை. கிடைத்த லாரியில் போட்டு ஜி.எச்.சுக்குக் கொண்டுபோவார்கள். போகிற வழியில் நல்லெண்ணம் கொண்ட யாராவது ரத்தத்தை நிறுத்தக் காதில் துணியை அடைத்துவிடுவார்கள். அந்த ரத்தத்தோடு மூளையைச் சுற்றியுள்ள நீரும் கசிந்துகொண்டிருந்தால், அடைத்த துணியின் அழுக்கு உள்ளே கிருமிக்கு வழி.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி, இதே ரோட்டில் தெற்கே இருக்கிற மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கேட்காமல் சிகிச்சை; தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. அட்வான்ஸ் கட்டினால்தான் ஸ்கேன் என்ற நிலையில் எத்தனை மணி நேரம் வீணாகியிருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்று காதில் ரத்தத்தோடு வருகிறவருக்கு அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பது காதை அல்ல. மூச்சு, ரத்த அழுத்தம், கழுத்து, நினைவு. காதை அடைப்பதில்லை, கழுவுவதில்லை, சொட்டு விடுவதில்லை; மேலே சுத்தமான துணியைத் தளர வைக்கிறார்கள். சி.டி. எடுக்கிறார்கள். எலும்பு உடைந்ததைக் காட்டும், காதுக்குப் பின்னால் கன்றிய நீலம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், இல்லை என்று நிம்மதி கொள்வதும் இல்லை. இதற்கு நடுவில் ஒரு சின்னக் காரியத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நினைவோடு இருக்கிற ஆளிடம், "கண்ணை இறுக்கி மூடுங்க, பல்லைக் காட்டுங்க" என்று சொல்லி, முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைகிறதா பார்த்து, நேரம் போட்டு எழுதிவைப்பது. எலும்பு உடைந்த அந்த நொடியே முகம் கோணினால் நரம்பு அறுந்திருக்கலாம், அறுவை சிகிச்சை யோசிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கோணினால் அது வீக்கம், பெரும்பாலும் மருந்தில் திரும்பும். 'வந்தபோது முகம் சரியாக இருந்தது' என்ற ஒரு வரி கேஸ் ஷீட்டில் இருந்தால்தான் மூன்றாம் நாள் ஈ.என்.டி. டாக்டரால் முடிவெடுக்க முடியும். அதேபோல 512 அதிர்வு இசைக்கவை ஒன்றை நெற்றியில் வைத்து எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முறை, இன்றும் ஈடில்லை. இந்த அடியைத் தடுக்கத்தான் 2015 ஜூலை முதல் தேதி தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானது. வண்டியின் கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட் எந்த எலும்பையும் காப்பதில்லை.

கடைசியாக அறை. நியாயமாகச் சொன்னால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உள்ளங்கை காதின் மேல் பொத்தென்று விழும்போது குழாய்க்குள் காற்று அடைபட்டுச் சவ்வைக் கிழிக்கிறது. அன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அறைந்து காது இரைந்தால் பிள்ளை வீட்டில் சொல்லாது; சொன்னால் இன்னொன்று விழும். தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடுத்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நாடு முழுவதும் தடுத்தது. பள்ளியிலிருந்து வரும் கிழிந்த காதுகள் குறைந்திருக்கலாம். வீட்டிலிருந்து வருகிறவை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண் வருவார், கணவரோ மாமியாரோ கூட நிற்பார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." பெரும்பாலும் இடது காது, அறைகிற கை வலது கை என்பதால். மடலில் சிராய்ப்பில்லை, தலையில் புடைப்பில்லை, செவிப்பறையில் மட்டும் ஓரம் பிசிறிய புதுக் கிழிசல். வழுக்கி விழுந்த காது இப்படி இருக்காது. அன்றைய கேஷுவாலிட்டியில் சொன்னதை எழுதிக்கொண்டு சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சொட்டே புதுக் கிழிசலுக்குக் கூடாதது. இன்று நல்ல டாக்டர், கூட வந்தவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, சிஸ்டரை அருகில் வைத்துக்கொண்டு, "யாரும்மா அடிச்சது?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். சொன்னால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-லேயே நிறைவேறியது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம் என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே 320-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நிரந்தரமா இல்லையா என்பது அன்று ராத்திரி தெரியாது. காதில் தண்ணீர் படாமல், எதையும் விடாமல், மூக்கை அழுத்திச் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் இப்படிப்பட்ட கிழிசல்களில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் தானாக மூடிவிடும். அதனால் டாக்டர் தன் கருத்தை நிறுத்திவைத்து, கேட்கும் திறனைச் சோதித்து வரச் சொல்லி, ஒரு தேதியை எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தேதிக்கு அந்தப் பெண் திரும்பி வரவில்லை என்றால் அது சாதாரணக் காயமா கொடுங்காயமா என்று சொல்ல யாராலும் முடியாது. கிழிசல் மூடியதா இல்லையா என்பதும் தெரியாது. இதய நோயாளியைப் போனில் கூப்பிட்டு 'மாத்திரை சாப்பிட்டீங்களா' என்று விசாரிக்கிற மருத்துவமனைகள் இந்தப் புறநகரில் இருக்கின்றன. அதே போன் இந்தப் பெண்ணுக்கும் போக வேண்டும். கணவர் ரிஜிஸ்ட்ரேஷனில் கொடுத்த நம்பருக்கு அல்ல, அந்தப் பெண் தன் கையால் எழுதிக் கொடுத்த நம்பருக்கு.